திறக்காத ராடாரும் வீரய்யாவின் வெற்றிலைத் தட்டும்

மழைக்கு ஒழுங்குமரியாதை கற்பித்த பெருமை உலகத்திலேயே கண்டிச் சீமைக்கு மட்டும்தான் உண்டு. கண்டியை அடுத்த ஒரு பல்கலைக்கழகத்தின் வானிலை ராடார் ஆய்வு நிலையத்தில், பிரதம அதிதி வந்து நாடா வெட்டும் வரை எந்த மேகமும் ராடாரில் தெரியக் கூடாது. இது பணிப்பாளரின் கண்டிப்பான உத்தரவு. குன்றின் உச்சியில் இருந்த வெள்ளைக் கோளம் சில வாரங்களாகவே வானத்தைத் துழாவிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது "பரீட்சார்த்தமாக" மட்டுமே. பரீட்சார்த்தமாகத் தெரிகிற மழையை மழை என்று வெளியே சொல்வது ஒழுக்கக் கேடு.

திறப்பு விழாவன்று முன்வரிசையில், முதுகு கதிரையில் படாமல் வீற்றிருந்தார் மஹய்யாவ வீரய்யா. மாநகர சபையில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் நிஷாந்தினி இந்த நிலையத்தில் ஆய்வு உதவியாளர். மஹய்யாவையில் இதை அறியாதவர் யாரேனும் இருந்தால், அவர் நேற்றுத்தான் அங்கே குடி வந்திருக்க வேண்டும்.

குடும்ப கௌரவத்தைக் காப்பதில் வீரய்யா ராடாருக்கு இளைத்தவரல்லர். அவருடைய தங்கை அங்கம்மா, கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் எனும் வரிசை வீடுகளில் குடியிருந்து கொழுந்து பறிப்பவள், தன் மகன் ரமேஸின் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. போனில், "அண்ணே, வந்துருங்க" என்றாள். அவ்வளவுதான். தட்டில்லாத அழைப்பு அழைப்பாகுமா? அன்று முதல் அவர் தங்கையோடு பேசுவதில்லை. இப்படி ஒரு உறுதியை இந்தக் காலத்தில் எங்கே காண்பது!

பிரதம அதிதியான அமைச்சர், தெல்தோட்டைப் பக்கம் ஒரு பாலத்தைத் திறந்துவிட்டு கலஹா வழியாக வந்துகொண்டிருந்தார். வர வேண்டிய நேரம் போய், நல்ல நேரமும் போய், மேடையில் குத்துவிளக்கின் திரி எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அப்போதுதான் நிஷாந்தினி கட்டடத்திலிருந்து ஓடி வந்து பணிப்பாளர் பேராசிரியர் ஹபீலை மறித்தாள்.

"சேர், கலஹா மேல பெரிய மழை கட்டி நிக்குது. ஏற்கனவே ஊறிப் போன மலை. சொல்லியனுப்பணும்."

"தொறக்காத ராடார்ல மழ எப்பிடித் தெரியும், மகள்?"

"திரை முழுக்கச் செவப்பா இருக்கு சேர்."

"அப்ப திரைய மூடுங்க. நினைவுக்கல்லுக்கு வாங்கின பட்டுத்துணி மிச்சம் இருக்கு."

முறை தெரிந்த மனிதர் என்று வீரய்யா மனதுக்குள் பாராட்டினார். ஆனால் மகள் அவரிடமே வந்து நின்றாள். கையில் போன். திரையில் அங்கம்மாவின் முகம். அதற்குப் பின்னால் இருண்ட மலை.

"அப்பா, அத்தை லயத்தை விட்டு எறங்க மாட்டேங்குறாங்க. நீங்க சொல்லணுமாம்."

"நான் எதுக்குச் சொல்லணும்? மொதல்ல அவ பேசட்டும்."

போனிலிருந்து அங்கம்மாவின் குரல் முன்வரிசை முழுவதற்கும் கேட்டது. "நிஷா, ஒங்கப்பாகிட்ட சொல்லு. மதிச்சு ஒரு வார்த்த சொன்னா எறங்குறேன். இல்லாட்டி இருக்குறேன். எனக்கும் ஓடுறது அதே ரத்தந்தான்."

அங்கம்மா எழுந்தால்தான் அந்த லயமே எழும். அவளோ வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் முன்வரிசையில், தங்கை வாசற்படியில், பிரதம அதிதி நடுவழியில். மூன்று பேருடைய மரியாதையும் சிறிதும் குறையாமல் அரை மணி நேரம் கழிந்தது. மழைக்கு மட்டும்தான் மரியாதை தெரியவில்லை, பெய்யத் தொடங்கியது.

"அப்பா," என்றாள் நிஷாந்தினி. கண் கலங்கியிருந்தது. "அங்க ரமேஸோட புள்ள தூங்குது."

வீரய்யா எழுந்தார். போனில் வாய் திறந்தால் அவரும் தட்டில்லாமல் அழைத்தவர் ஆகிவிடுவார். அந்த இழிவுக்கு அவர் உடன்படவில்லை. நேரே மேடைக்கு ஏறினார். பிரதம அதிதியை வரவேற்க வைத்திருந்த வெற்றிலைத் தட்டைத் தூக்கினார்.

"ஐயா, அது அமைச்சர்ட தட்டு!" என்று அலறினார் ஹபீல்.

"எங்க வீட்டு விசேசத்துக்கு அவசரமா வேணும்," என்றார் வீரய்யா. தட்டைப் போனுக்கு முன்னால் நீட்டினார். "அங்கம்மா, ஒன்னையும் ஒன் குடும்பத்தையும் முறைப்படி அழைக்கிறேன். எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஒடனே கோயிலுக்குப் போ."

அங்கம்மா திரையில் தெரிந்த வெற்றிலையை உற்றுப் பார்த்தாள். "பாக்கு?"

வீரய்யா பாக்கையும் காட்டினார். அங்கம்மா எழுந்தாள். லயம் எழுந்தது.

அவர்கள் கோயிலை அடைந்து சிறிது நேரத்தில் மலை இறங்கியது. லயத்தின் பாதியையும், அங்கம்மாவின் மாட்டுக் கொட்டிலையும், பிரதம அதிதி வந்துகொண்டிருந்த வீதியையும் மூடியது. மனிதர் எவருக்கும் ஒன்றுமில்லை. சுற்று வழியாகப் பிரதம அதிதி வந்து சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. அவர் நாடா வெட்டி, பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு பொட்டு மேகமும் இல்லை.

"இப்படியொரு ராடார் இருக்கும்போது மலையக மக்கள் இனி எதற்கும் அஞ்சத் தேவையில்லை," என்றார். கரகோஷம் வானைப் பிளந்தது. ராடாரில் அதுவும் பதிவாகவில்லை.

மறுநாள் நிஷாந்தினிக்கு விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. குற்றம் ஒன்று: திறக்கப்படாத ராடாரில் மழையைக் கண்டது. குற்றம் இரண்டு: பிரதம அதிதியின் வெற்றிலையை ஒரு தோட்டத் தொழிலாளிக்குக் காட்டியது.

வீரய்யா கொதித்தார். உயிர் போகிற நேரத்தில் முறை பார்த்துக்கொண்டு நின்றவர்களைப் பற்றி, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் கடுமையாகப் பேசினார். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சு போகும் அந்தப் பேராசிரியருக்கு?"

அப்படி அவர் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள் அங்கம்மா வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. அண்ணன் வீட்டுக்கு முறையாக வந்திருக்கிறாள். மறு கையில் அறுந்த மாட்டுக் கயிறு.

"உள்ள வா," என்றார் வீரய்யா, பெருமையோடு.

அவள் தட்டை அவர் காலடியில் வைத்தாள். கயிற்றை அதன்மேல் வைத்தாள்.

"செனை மாடுண்ணே. அவுத்து விட ஒரு நிமிசம் போதும். நானும் வீம்புல குந்திட்டேன், அது என் பாவம்." அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த மிசினத் தொறக்க அமைச்சர் வரணும்னாங்க, சரி. ஒங்க வாயத் தொறக்க யாருண்ணே வரணும்?"