சாம்பிள் ஆன்ட்டி வாங்கிய முழு மீன்

காலை ஏழு மணி பத்து நிமிடம். அறைக் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு மீன் வால். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில், எட்டாவது மாடியில், நான் அறை வாடகைக்கு எடுத்திருந்த மூவறை வீட்டின் கூடத்தில் மார்க்கெட் தள்ளுவண்டிப் பை நின்றிருந்தது. பையின் வாய்க்கு வெளியே கொடுவா மீனின் வால் ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பைக்குப் பின்னால், ஏதோ தேர்தலில் ஜெயித்து வந்தவர் போல, இடுப்பில் கை வைத்து நின்றார் வீட்டுக்கார அம்மா.

"பாத்தியா பிள்ளை? முழு மீன்!"

இந்த ஊரில் பிறருக்காகச் செலவு செய்தவர்கள் பலர் உண்டு. கோவிலுக்குக் கொடுத்தவர்கள், பள்ளிக்குக் கொடுத்தவர்கள், சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டு வருத்தப்பட்டவர்கள். ஆனால் தன் வீட்டைப் போன்ற அத்தனை வீடுகளின் சார்பிலும் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தவர், எனக்குத் தெரிந்து, சாம்பிள் ஆன்ட்டி ஒருவர்தான்.

அந்தப் பெயர் பிறகுதான் அவருக்கு வந்தது. அதற்கு முன் அவர் வெறும் ஆன்ட்டி. கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவராம். ஆமாம் என்பதற்கு அந்த ஊரில் சொல்லும் 'ஓம்' ஆன்ட்டியின் பேச்சில் மிச்சமிருந்தது, மற்றதெல்லாம் சிங்கப்பூர். வெள்ளிக்கிழமை காத்தோங் பிள்ளையார் கோவில், சனிக்கிழமை தேக்கா மார்க்கெட், மற்ற நாட்களில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் உள்ள எல்லாருடைய விவகாரமும்.

நான் அறை கேட்டுப் போன முதல் நாளே தன் சட்டத்தைச் சொல்லிவிட்டார். "வேலை இருக்கிற பிள்ளைக்குத்தான் ரூம். இதுக்கு முந்தி இருந்தவ வேலையை விட்டுட்டு நாள் முழுக்க ஏர்கான் போட்டுத் தூங்கினா." அடுத்த சட்டம் சமையலறைக்கு. இடப்பக்க அலமாரி அவருக்கு, வலப்பக்க அலமாரி எனக்கு. அவர் சட்டி வேறு, என் சட்டி வேறு.

வீட்டுச் செலவுக் கணக்கெடுப்புக்காக அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தபோது என் வலப்பக்க அலமாரியில் ஒரு ரொட்டிப் பொட்டலமும் கடலை வெண்ணெய் டப்பாவும் மட்டுமே இருந்தன. நான் துணையாசிரியராக இருந்த செய்தித் தளம் தமிழ்ப் பிரிவை மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. நிரந்தரவாசம் இருந்ததால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. ஆனால் வாடகை, சாப்பாடு என்ற இரண்டில் ஒன்றைத்தான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியும் என்று தெரிந்தது. வாடகையைத் தேர்ந்தெடுத்தேன். தினமும் காலை அலுவலக உடையில் கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு, மாலை அலுத்துப்போன முகத்துடன் திரும்புவேன். அலுப்பு மட்டும் உண்மை. ஆன்ட்டியின் சட்டம் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

கடிதத்துக்குப் பின்னால் கணக்கெடுப்பு அதிகாரி வந்தார். தமிழ் பேசும் இளைஞர், பெயர் குமரன், கையில் டேப்லட்.

"உங்க வீட்டைக் கம்ப்யூட்டர் செலக்ட் பண்ணியிருக்கு ஆன்ட்டி."

"ஏன், நான் என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி, குலுக்கல் மாதிரிதான். ஜனங்க எதுக்கு எவ்வளவு செலவு பண்றாங்கன்னு பாக்கணும். எல்லா வீட்டுக்கும் போக முடியாது இல்லையா? அதனால சில வீடு மட்டும் சாம்பிள். உங்களை மாதிரி இருக்கிற நிறைய வீட்டுக்காக உங்க வீடு பேசும்."

ஆன்ட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிறையன்னா எத்தனை?"

"கரெக்டா சொல்ல முடியாது. நிறைய."

"அப்ப ரெண்டு வாரம் நான் கத்திரிக்காய் வாங்கலைன்னா?"

குமரன் கொஞ்சம் யோசித்தார். அங்கேதான் தப்பு செய்தார். "உங்களை மாதிரி வீடுகள்ல கத்திரிக்காய் அவ்வளவா வாங்கிறதில்லைன்னு கணக்கு லேசா ஒரு பக்கம் சாயும்."

"ஐயோ!" என்றார் ஆன்ட்டி. அவர் முகத்தில் அப்போது ஏறிய கவலையை நிதியமைச்சர்களின் முகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அடுத்த கேள்வி, வீட்டில் எத்தனை பேர் என்பது. ஆன்ட்டி ரெண்டு என்றார். குமரன் என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க?"

"வாடகைக்கு இருக்கேன்."

"ஆன்ட்டியோட சேர்ந்து சாப்பிடுவீங்களா?"

"இல்ல, தனித்தனிதான்."

"அப்ப நீங்க வேற குடும்பம், ஆன்ட்டி வேற குடும்பம். ஒரே கூரையா இருந்தாலும் சாப்பாடு சேர்ந்து இருந்தாதான் ஒரே கணக்கு. ஆன்ட்டி, உங்க பக்கம் ஒரு ஆள்னு போட்டுக்கிறேன்."

"ஒரு ஆளா?" ஆன்ட்டியின் குரல் உயர்ந்தது. "ஒரு ஆள் பாதி மீன்தான் வாங்குவா தம்பி! நான் அப்படித்தான் வாங்கிறேன். மீன்காரர் என்னைக் கண்டதுமே கத்தியைத் தூக்கிடுவார். இதை நீங்க எழுதினா, ஊரே பாதி மீன் சாப்பிடுறதா ஆயிடும்."

"அப்படி இல்ல லா ஆன்ட்டி..."

"இந்தப் பிள்ளை என்னோட சாப்பிட்டா?"

"வழக்கமா சாப்பிட்டா ரெண்டு பேர்தான். சர்வேக்காகச் சாப்பிடக் கூடாது."

"வழக்கம் வர எவ்வளவு நாளாகும்?"

குமரன் டேப்லட்டில் மேலும் கீழும் தேடினார். அதற்கு விடை இல்லை போலிருக்கிறது. "அடுத்த வாரம் கணக்கு ஆரம்பிக்க வரேன். அப்ப எப்படி இருக்கோ அதைச் சொல்லுங்க" என்று காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை ஏழு பத்துக்குத்தான் அந்த மீன் வால்.

"அரசாங்கத்துக்கிட்ட பொய் சொல்லக் கூடாது" என்றார் ஆன்ட்டி, மீனைத் தொட்டியில் கிடத்தியபடி. "ரெண்டு பேர்னு சொல்லணும்னா ரெண்டு பேர் சாப்பிட்டிருக்கணும். பசியாறிட்டியா?"

"ஆபீசுக்கு நேரமாச்சு ஆன்ட்டி."

"அப்ப மத்தியானத்துக்குக் கட்டித் தாறேன். வழக்கம்னா வழக்கம்."

அன்று மதியம் நூலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கொடுவாக் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவத் தேவையில்லாத அளவுக்குச் சாப்பிட்டேன்.

குமரன் திரும்பி வருவதற்குள் இருந்த அந்த வாரத்தைப் பரீட்சைக்கு முந்தைய ஒத்திகை வாரமாக ஆன்ட்டி அறிவித்தார். மின்தூக்கியில் ஏறுபவர் இறங்குபவர் எல்லாரிடமும் "நான் சாம்பிள்" என்று சொன்னார். எந்த நோய்க்கு என்று எதிர்வீட்டு மலாய் அம்மா பதறிப்போய்க் கேட்டார். இரண்டே நாளில் காப்பிக்கடை வரை பெயர் பரவிவிட்டது.

சனிக்கிழமை தேக்காவுக்கு நானும் கூடப் போக நேர்ந்தது. காய்கறிக் கடைக்காரரிடம் ஆன்ட்டி ரசீது கேட்டார்.

"புடலங்காய்க்கு எதுக்கு ஆன்ட்டி ரசீது?"

"நான் உன்கிட்ட வாங்கினா சும்மா நான் மட்டும் வாங்கிறதா நினைக்காதே. என்னை மாதிரி எல்லா வீடும் வாங்கிற மாதிரி."

"அப்ப எல்லா வீட்டையும் சில்லறையாக் குடுக்கச் சொல்லுங்க. அம்பது வெள்ளி நோட்டை நீட்டினா நான் எங்க போறது?"

கோவிலில் அர்ச்சனைக்குச் சீட்டு கிடைத்துவிட்டது. தட்டில் போட்ட இரண்டு வெள்ளிக்குத்தான் ஆதாரம் இல்லை. ஆன்ட்டி குருக்களிடம் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். குருக்கள் காகிதத்தைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார். "அவர் பாத்துட்டார்மா, போய்ட்டு வாங்கோ" என்றார்.

வாங்கிய ரசீதுகளைப் போனில் படம் பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று குமரன் சொல்லியிருந்தார். கசங்கிய ரசீதை அனுப்பினால் வீட்டுக்கு மரியாதை இல்லை என்று ஆன்ட்டி எல்லாவற்றையும் இஸ்திரி போட்டார். அது சூடு பட்டால் கறுக்கிற காகிதம். தேக்காவில் சண்டை போட்டு வாங்கிய ரசீது, மருந்துக்கடை ரசீது, சூப்பர்மார்க்கெட் ரசீது எல்லாம் ஒரே வீச்சில் கரிக்கட்டை நிறமாகின. நல்ல வேளை, ஒத்திகை வாரம்.

பெரிய நெருக்கடி நாலு நம்பர் லாட்டரியில் வந்தது. ஆன்ட்டி வாழ்நாளில் லாட்டரி வாங்கியதில்லை. ஆனால் புளோக்கில் பாதிப் பேர் வாங்குகிறார்கள். "நான் வாங்கலைன்னா அவங்களை மறைச்ச மாதிரி ஆயிடும் பிள்ளை" என்று ஒரு நாள் முழுக்க மனம் புழுங்கி, கடைசியில் போய் வரிசையில் நின்று, ஒரு வெள்ளிக்கு ஒரு சீட்டு வாங்கிவந்தார். யாரும் பார்க்கக் கூடாது என்று கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் "ஹலோ சாம்பிள் ஆன்ட்டி" என்றார்களாம். அடுத்து பியர். ஒரே ஒரு டின், அதே நியாயம். அது குளிர்பதனப் பெட்டியில் மோருக்குப் பக்கத்தில் ஒரு விருந்தாளியைப் போல நின்றது. அடைத்துக்கொண்ட சிங்க்கைச் சரிசெய்ய வந்தவரிடம் கொடுத்து, "நாட்டுக்காக வாங்கினேன், நீங்க குடிங்க" என்றார்.

இத்தனைக்கும் நடுவில் தினமும் இரண்டு வேளை எனக்கு இலவசமாக வழக்கம் ஏற்பட்டுக்கொண்டிருந்தது. சொதி, மரவள்ளிக் கிழங்கு, முருங்கைக்காய் பிரட்டல். முகம் தெளிந்திருப்பதாகக் கண்ணாடி சொன்னது. ஆனால் அந்த ஏழு நாளும் ஒரு விஷயம் எனக்கு உறைக்கவில்லை. வாரக் கடைசியில் குமரன் வந்து உட்கார்ந்து, ஆன்ட்டி வெற்றியோடு "ரெண்டு பேர்! மீன்காரரைக் கேட்டுப் பாருங்க!" என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

"சரி அக்கா, நீங்களும் இதே குடும்பக் கணக்குல வரீங்க" என்றார் குமரன், டேப்லட்டைத் தட்டிக்கொண்டே. "அப்ப உங்க விவரமும் வேணும். என்ன வேலை பாக்கிறீங்க? மாசச் சம்பளம் எவ்வளவு?"

சமையலறையில் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லலாம். பழைய சம்பளத்தைச் சொல்லிவிட்டால் அறை தப்பும். ஆனால் ஒரு வாரமாக அந்த வீட்டில், அரசாங்கத்துக்குப் பொய் சொல்லக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்.

"வேலை இல்ல" என்றேன். "போன மாசத்திலேருந்து."

குமரன் சங்கடத்துடன் ஆன்ட்டியைப் பார்த்தார். நான் என் பெட்டியில் எவ்வளவு கொள்ளும், புத்தகங்களை எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"போட்டுக்குங்க தம்பி" என்றார் ஆன்ட்டி. "வேலை தேடிட்டு இருக்குன்னு போடுங்க. சும்மா இருக்குன்னு போடாதீங்க, ரெண்டும் வேற."

"ஓகே ஆன்ட்டி" என்றார் குமரன். விரல் இன்னும் டேப்லட்டைத் தொடவில்லை.

"என்ன யோசிக்கிறீங்க? அப்படி இருக்கிற ஆக்களும் ஊர்ல இருக்காங்களா இல்லையா? அவங்களுக்கும் ஒரு சாம்பிள் வேணும் லா."

குமரன் எழுதிக்கொண்டார். போகும்போது, வழக்கமாகச் செய்யும் செலவை மட்டும் பதிவு செய்யும்படி ஆன்ட்டியிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். லாட்டரிச் சீட்டு வேண்டாம், பியர் வேண்டவே வேண்டாம். ஆன்ட்டி கொஞ்சம் ஏமாற்றத்தோடு "ஓம் ஓம்" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவரிடம் கேட்டேன். "ஆன்ட்டி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எது?"

"வேலை போனது."

"போன வாரத்துக்கு முந்தி உன் தட்டு ஈரமாகி எத்தனை நாளாச்சு? நான் தினம் அந்த ரேக்கைத்தானே பாக்கிறேன்."

"அப்ப அந்த மீன் எனக்காகவா?"

"சேச்சே. நாட்டுக்காக."

அவர் உள்ளே போய் அடுப்பை அணைத்தார். நான் கூடத்திலேயே நின்றேன். மிச்சமிருந்த கேள்வியை இப்போதே கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது.

"வேலை இருக்கிற பிள்ளைக்குத்தான் ரூம்னு சொன்னீங்களே ஆன்ட்டி. எப்ப காலி பண்ணணும்?"

சமையலறையிலிருந்து தட்டுகள் எடுக்கும் சத்தம் வந்தது. "அது வாடகைக்கு இருக்கிறவங்களுக்குப் போட்ட ரூல். நீ என் கணக்குல வந்தாச்சு. அந்தத் தம்பி இப்பதானே எழுதிட்டுப் போனார்? வா, சோறு ஆறுது."

கணக்கெடுப்பு இரண்டு வாரத்தில் முடிந்தது. ரசீதுகள் கறுக்காமல் போய்ச் சேர்ந்தன. எனக்கு வேலை கிடைக்க அதற்கு மேலும் இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் நான் அலுவலக உடை போட்டுக்கொண்டு எங்கும் போகவில்லை. கூடத்து மேசையிலேயே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன். ஆன்ட்டி அதன் ஓரத்தில் வெங்காயம் உரித்தபடி, "சம்பளத்தைக் கூட்டிக் கேள் பிள்ளை" என்பார்.

நான் இப்போது புக்கிட் மேராவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் குவீன்ஸ்டவுனில். சென்ற வாரம் ஆன்ட்டியோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். மீன்காரர் அவரைக் கண்டதும் ஒரு கொடுவாவை எடுத்துத் தராசில் வைத்தார். கத்தியைத் தொடவில்லை.