ரோலர் அண்ணன் கம்ப்யூட்டரில் டாக்டரைப் பார்த்த கதை

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ரோலர் அண்ணனைப் போல் குரலைத் தணிக்கத் தெரியாத இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரங்களுக்கு நடுவில் இருபத்தெட்டு வருடம் நின்றவர். அந்த இரைச்சலில் அவருக்குப் பாதிக் காது போய்விட்டது. போன பாதி தொண்டையில் வந்து சேர்ந்துகொண்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. இந்தக் கதையை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க தம்பி, தெரியாதவங்க யாரு இருக்கா?" என்றார்.

கோயிலில் கண்ணை மூடி மனசுக்குள் வேண்டிக்கொள்வார். அம்மனுக்குக் கேட்டதோ இல்லையோ, செருப்பு விடும் இடத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும். ஒருமுறை மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு, "அண்ணே, நீங்க முடிச்சிருங்க, அப்புறம் நாங்க அடிக்கிறோம்" என்றாராம்.

இரண்டாயிரங்களின் பின்பாதியில் நான் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கம்யூனிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். போன், போட்டோ கொப்பி, பேக்ஸ், இரண்டு கம்ப்யூட்டர். ஒரு சனிக்கிழமை ரோலர் அண்ணன் உள்ளே வந்தார். என் காதோடு வாயை வைத்து, "தம்பி, ஒரு அந்தரங்க விசயம்" என்றார். கொப்பி எடுக்க நின்ற இரண்டு டீச்சர்மாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சட்டைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து விரித்தார். ஆண்களின் பிரச்சினைகளுக்குக் கொழும்பு டாக்டர் ஒருவர் கம்ப்யூட்டரில் முகம் பார்த்து ஆலோசனை சொல்வதாக விளம்பரம். கடைசி வரியை விரலால் தொட்டு வாசித்துக் காட்டினார்.

"ரகசியம் காக்கப்படும்."

எதிரே பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

விசயம் இதுதான். எட்டு மாதமாக அண்ணனுக்கு ஆண்மைக் கோளாறு. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகலாமென்றால், அங்கே மருந்து கொடுப்பவரே இவருடைய மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். மலை யாத்திரைக் காலத்தில் அடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் ஒரு கடையில் லேகியம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

"வேலை செஞ்சுச்சாண்ணே?"

"செஞ்சுச்சு தம்பி. வயித்துல."

அந்த யாத்திரையில் அவர் ஏறிய படிகளைவிட ஓரமாக ஒதுங்கிய தடவைகள் அதிகமாம்.

டாக்டரிடம் நேரம் குறித்து, அடுத்த சனிக்கிழமை அவரை மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தேன். நெற்றி நிறையத் திருநீறு, இஸ்திரிப் பெட்டி போட்ட சட்டை. கேமராவைக் கும்பிட்டார். டாக்டர் பேசுவது வெளியே கேட்கக்கூடாதென்று காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஹெட்போன் மாட்டிய மனிதர் இன்னும் சத்தமாகப் பேசுவார் என்பதை நான் யோசிக்கவில்லை.

"வணக்கங்க டாக்டர்… ஆமாங்க… எட்டு மாசமுங்க… சுத்தமா இல்லிங்க… காலையிலயா? காலையிலயும் இல்லிங்க… பீடி ரெண்டு கட்டு… சேச்சே, வேற பொம்பள சகவாசமெல்லாம் இல்லிங்க. இந்த மொகத்துக்கு யாருங்க வருவா?"

கடையில் ஒருவரும் அசையவில்லை. கொழும்பிலிருக்கும் மகனுக்குப் போன் எடுக்க வந்த ஒரு பெரியவர், ரிசீவரைக் காதில் வைத்தபடி நம்பரை அழுத்தாமல் நின்றார்.

திடீரென்று படம் நின்றுபோனது. டாக்டர் வாயைப் பாதி திறந்தபடி உறைந்திருந்தார். தான் சொன்னது கொழும்புக்குக் கேட்கவில்லை என்று நினைத்த அண்ணன், இருக்கையை விட்டு எழுந்து, தொழிற்சாலைக் குரலில் சொன்னார்:

"டாக்டர், எந்திரிக்க மாட்டேங்குதுங்க."

அவர் எழுந்த வேகத்தில் ஹெட்போன் வயர் கழன்றது. அதே நேரம் படத்துக்கும் உயிர் வந்தது. ஸ்பீக்கர் வழியாக டாக்டரின் யாழ்ப்பாணத் தமிழ் கடை முழுக்கக் கேட்டது.

"பயப்பிடாதேங்கோ ஐயா. கனபேருக்கு இருக்கிற பிரச்சினைதான். முதல்லை சீனியும் பிரஷரும் பாக்க வேணும். அதுக்குப் பிறகுதான் குளிசை மருந்து. வீட்டிலை மனிசி என்ன சொல்லுறா?"

போன் பெரியவர் 'கனபேருக்கு' என்ற இடத்தில் தலையாட்டினார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் தலை குனிந்தார். "அவகிட்ட இன்னும் சொல்லலிங்க."

அவர் ஏறிய பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸிலேயே செய்தி நோர்வூட்டுக்குப் போய்விட்டது. வீட்டில் என்ன நடந்ததோ தெரியாது. அடுத்த சனிக்கிழமை, டாக்டர் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு, அவரோடு மனைவி லெட்சுமி அக்காவும் வந்தார். கொழுந்து பறிக்கும் மெலிந்த பெண். நடந்து வந்த வேகத்தைப் பார்த்து, மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். அக்கா நேரே போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

"டாக்டர், எட்டு மாசமா இவரு கேட்டு வாங்கி ராத்திரி வேலைக்குப் போனாரு. என்னையப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன். எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரலாம்னு துணியெல்லாம் மடிச்சு வச்சிட்டேன். ஒடம்புக்கு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மடிச்சிருக்க மாட்டேன்."

ரோலர் அண்ணன் சுவரில் இருந்த கட்டணப் பட்டியலை மிகுந்த அக்கறையோடு வாசித்துக்கொண்டிருந்தார். "எப்புடிச் சொல்றதுன்னு தெரியல லெட்சுமி."

"ஹட்டன் டவுனுக்கே சொல்லத் தெரிஞ்சிச்சுல்ல."

டாக்டர் சிரித்தது ஹெட்போனையும் தாண்டிக் கேட்டது.

இரத்தத்தைச் சோதித்தால் சீனி தாறுமாறாக ஏறிக் கிடந்தது. பீடி நின்றது. தேத்தண்ணியில் சீனி நின்றது. அக்காவின் மடிப்புத் துணிகள் மறுபடியும் கொடிக்கு வந்தன. சீனி இறங்கி, பிரஷரும் நெஞ்சும் சரியாக இருப்பதாகத் தெரிந்த பிறகு டாக்டர் மாத்திரை எழுதி பேக்ஸில் அனுப்பினார். சில வாரம் கழித்து இருவரும் வந்து கேமரா முன் உட்கார்ந்தார்கள்.

"இப்ப நல்லா இருக்குங்க டாக்டர்" என்றார் அண்ணன்.

வாசலில் நின்ற த்ரீவீல்காரர் ஹார்ன் அடித்தார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கடைக்கு ஒரு மாதிரியான ஆண்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு பேனா வாங்குவார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், பிறகு, "அந்த ரோலர் அண்ணன் பேசின டாக்டரு…" என்று இழுப்பார்கள். முதலில் வந்தவர் போன் பெரியவர். மூன்றாவதாக வந்தவர் டிஸ்பென்சரி மச்சான். முதலாளி மூலையில் பலகைத் தடுப்பு அடித்துக் கொடுத்தார்.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாணம். அண்ணனும் அக்காவும் வந்தார்கள். மேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, மாமனாரிடம், "ஐயா, இந்தத் தம்பிதாங்க எங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சவரு" என்றார் அண்ணன். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவருடைய நரைத்த மீசையையும் என் வயதையும் மாமனார் மாறி மாறிப் பார்த்தார்.

"மாப்ள கல்யாணத் தரகும் பாத்தீங்களா?"

விளக்கம் சொல்ல அண்ணன் மூச்சை இழுத்தார். அக்கா அவர் காலை மிதித்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஆமாங்க மாமா, கொஞ்ச நாள் பாத்தேன்."

கல்யாணத்தன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான். ரோலர் அண்ணனுக்காக இன்னும் பத்துச் சொல்லியிருப்பேன்.