கை வீசிப் போன மேலாளர்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு மனித குலத்தில் நடந்த முக்கியமான நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கூரியர் கிளையின் மேலாளர் தன் சைக்கிளிலிருந்து கேரியரைக் கழற்றிப் போட்டார். நடுவில் நடந்ததெல்லாம் சில்லறைச் சங்கதி.

கம்பெனி இயக்குநர் எங்கேயோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்து எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை விட்டிருந்தார். ‘சுமை குறைந்தால் சிந்தனை உயரும்.’ ஆகவே மேலாளர்கள் அனைவரும் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு நாள் சைக்கிள் பயணமாக வர வேண்டும். யார் சைக்கிளில் மூட்டை முடிச்சு குறைவோ அவருக்கு ‘இலகு வேந்தர்’ பட்டம். கடைசி வரியில், சம்பள உயர்வு. நம் மேலாளர் எதையும் கடைசி வரியிலிருந்து படிப்பவர்.

அன்று முதல் பார்சல் தராசு பார்சலைப் பார்க்கவில்லை. மேலாளரின் சீப்பு முழுதாக ஏறி, பாதியாக இறங்கியது. பெல்ட்டில் இடுப்புக்கு உதவாத நீளம் போயிற்று. சட்டையில் ஒன்று விட்டு ஒரு பொத்தானை வெட்டினார். அடையாள அட்டையை நிறுத்துப் பார்த்து, “என்னை எனக்கே தெரியும், இது எதுக்கு?” என்று இழுப்பறையில் போட்டார். தலைக்கனத்தை நிறுக்க மட்டும் அந்தத் தராசில் வசதி இல்லை.

இந்தத் தவத்தைக் கிட்டத்தில் இருந்து பார்க்கும் பேறு பெற்றவர் டெலிவரிக்காரர். மேலாளரின் மனைவிக்குத் தம்பி. அதனால் ஆபீசுக்கே தம்பி. நாற்பதை நெருங்கியும் தம்பி, ஆறு வருடமாகியும் தற்காலிகம். வேலை நிரந்தரமாக மேலாளரின் ஒரு கையெழுத்து பாக்கி. அதற்காக அவர் என்ன சொன்னாலும் செய்யத் தம்பி தயாராக இருந்தார்.

“மாமா, வழியில தங்கும்போது மாத்துத் துணி வேணாமா?”

“ஆபீஸ்ல மாமான்னு கூப்பிடாதன்னு எத்தனை தடவை சொல்றது?”

“சரி சார். மாத்துத் துணி?”

“வேணும்தான். ஆனா நான் எடுத்துட்டுப் போக மாட்டேன். விடுதி முகவரிக்கு எனக்கு நானே பார்சல் போட்டுக்கறேன். என் சைக்கிள்ல இருந்தாத்தான மாப்ள அது சுமை? பார்சல்ல வந்தா சரக்கு.”

“அப்போ வேன்ல ஏத்திடட்டுமா?”

மேலாளர் பதறிப்போனார். “வேன்லயா? புகை வருமேடா. கொள்கைக்கே விரோதம். நீ சைக்கிள்ல கொண்டு வா.”

மேலாளர் தம்பியின் தோளைத் தட்டினார். “இது நல்லபடியா நடக்கட்டும். திரும்பி வந்ததும் உன் விஷயத்தை முடிச்சுடறேன்.” அவர் சொன்ன சொல் தவறாதவர் என்பது பின்னால் தெரியவரும்.

பார்சலை அக்கா கட்டினாள். மாற்றுத் துணி, தலையணை, மேசை விசிறி, மடக்கு நாற்காலி, எளிமையாக வாழ்வது பற்றி மூன்று தடித்த பாகங்கள். எல்லாவற்றுக்கும் மேல் அந்தத் தராசு.

“தராசு எதுக்குங்க?”

“வழியில எடை கூடிடுச்சான்னு பாக்க வேணாமா?”

அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கா தம்பியின் காதோரம் சொன்னாள். “முடியலன்னா வழியிலயே விட்டுட்டு வந்துடுடா.”

“எதைக்கா?”

“எதைன்னாலும்.”

மறுநாள் காலை மேலாளர் கை வீசிக்கொண்டு கிளம்பினார். சைக்கிளில் கை வீசக் கூடாது என்பதை முதல் திருப்பத்தில் முட்டியைச் சிராய்த்துக் கற்றுக்கொண்டார். அதன் பிறகு காற்றாகப் பறந்தார். பின்னால் தம்பி மூச்சு வாங்க மிதித்தார். மேடு வந்தால் இறங்கித் தள்ளினார்.

“மாமா, கொஞ்சம் நில்லுங்க.”

“ரோட்ல மாமான்னும் கூப்பிடாத, சார்னும் கூப்பிடாத. இது தனிப் பயணம்.”

பொழுது சாயும்போது தம்பி விடுதிக்கு வந்தார். வியர்வையில் ஊறிய சட்டையோடு மேலாளர் வாசலிலேயே தவம் கிடந்தார். பார்சலைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்.

“அடையாள அட்டையைக் காட்டுங்க சார்.”

“என்னது?”

“அட்டை இல்லாம யாருக்கும் பார்சல் குடுக்கக் கூடாது, குடுத்தா வேலை போயிடும்னு நீங்கதான் போன மாசம் உத்தரவு போட்டீங்க.”

“டேய், நான்தாண்டா.”

“நான்தான்னா?”

“உன் மாமாடா.”

“அப்படிக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே.”

தம்பி விளையாடவில்லை. நிரந்தரம் ஆகப்போகிற நேரத்தில் விதியை மீறி மாட்டிக்கொள்ள அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கடைசியில் மேலாளர், மேலாளர் என்ற முறையில் ‘விசேஷ அனுமதி’ எழுதிக் கையெழுத்திட்டார். ஓரடி நகர்ந்து நின்று, முகவரியாளர் என்ற முறையில் பார்சலைப் பெற்றுக்கொண்டார். இருவருக்கும் இடையில் எந்த மனத்தாங்கலும் இல்லை.

மறுநாள் அதே பார்சல் தலைமை அலுவலகத்துக்கு மறுபடி அனுப்பப்பட்டது. அங்கே பெரிய கூடத்தில் சைக்கிள் ஒவ்வொன்றையும் சோதித்தார்கள். சிலரிடம் பை இருந்தது, சிலரிடம் தண்ணீர்ப் புட்டி இருந்தது. நம் மேலாளரிடம் பாதிச் சீப்பு மட்டுமே இருந்தது.

“நீங்க லேசுப்பட்ட ஆளில்ல” என்றார் இயக்குநர்.

மேலாளரின் முகம் விழுந்துவிட்டது. பட்டம் கைக்கு வந்த பிறகுதான் அது பாராட்டு என்று புரிந்தது.

“மத்ததுக்கெல்லாம் என்ன பண்ணீங்க?”

“தேவைன்னு நெனைச்சதில்ல சார். எல்லாம் தானா வந்து சேந்துது.”

இயக்குநருக்கு மெய்சிலிர்த்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தவர், “வெளியில யாரோ மூட்டையோட நிக்கறாரே, உங்க ஆளா?” என்றார்.

“தெரியல சார். இன்னும் சுமையை விட முடியாதவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க.”

“பாவம்” என்றார் இயக்குநர். உடனே அவருடைய சிந்தனை உயர்ந்தது. “சுமையே இல்லாம இவ்வளவு தூரம் வர முடியும்னா, உங்க கிளையில சுமை தூக்கத் தனியா ஒரு ஆள் எதுக்கு? அந்த வேலையையே எடுத்துடலாமே.”

கூடம் அதிரக் கைதட்டினார்கள். வெளியே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தம்பிக்கும் சத்தம் கேட்டது. மாமாவுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது, தன் வேலையும் நிரந்தரம் என்று சந்தோஷம் தாங்காமல் அவரும் கைதட்டினார்.

கிளைக்குத் திரும்பியதும் மேலாளர் முதல் வேலையாகத் தம்பியின் பணிநீக்க ஆணையில் கையெழுத்துப் போட்டார். ஆறு வருடமாக வராத கையெழுத்து முத்து முத்தாக வந்தது. ஆணையைக் கூரியரில் அனுப்பி நேரில் சேர்த்தால்தான் செல்லும் என்பது கம்பெனி விதி. கிளையில் டெலிவரிக்காரர் ஒருவர்தான். ஆகவே உறை தம்பியின் பைக்குள் போயிற்று.

உள்ளே என்ன இருக்கிறது என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள். இருந்தாலும் கடமை கடமைதானே. தம்பி தன் வீட்டுக்குப் போனார், பூட்டிய கதவைத் தட்டினார், மரியாதையாகக் காத்திருந்தார், திரும்பி வந்தார்.

“ஆள் இல்ல சார்.”

மறுநாளும் ஆள் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

“நீதானேடா அந்த ஆளு” என்று மேலாளர் கத்தினார்.

“டூட்டி நேரத்துல நான் எப்படி சார் வீட்ல இருப்பேன்? அந்த மாதிரி ஆளா நான்?”

மேலாளர் உறையை வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் நீட்டினார். “உன் தம்பிகிட்ட இதக் குடுத்துடு.”

“நான் எதையும் தூக்கறதில்லைங்க” என்றாள் அவள். “அவன் எங்க போயிட்டான், பக்கத்துத் தெருதான? நீங்களே போய், அவன் மூஞ்சியப் பாத்து, கையில குடுங்க.”

“நானா? இதைத் தூக்கிக்கிட்டா?” என்றார் இலகு வேந்தர்.

உறை பத்து கிராம்கூடத் தேறாது. இன்னும் மேசை மேல்தான் கிடக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க மேலாளர் தீவிரமாக ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். சும்மா ஒரு ஆள் போதாதாம். சொன்னதைச் செய்யும், வழியில் எதையும் போட்டுவிடாத, நம்பகமான ஆளாக வேண்டுமாம், தம்பியைப் போல.