நாற்பத்தேழாவது தலை எழுதுவது

தலையில் அடிபட்டவர்களில் யாருக்குப் பின்னால் வலிப்பு வரும், யாருக்கு வராது என்று ஆராயும் டாக்டர் அம்மாவாகிய என் அன்புத் தங்கைக்கு, அந்த ஆராய்ச்சியின் நாற்பத்தேழாவது தலையாகிய உன் அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். என்னையே பார்த்துக்கொண்டிருப்பதில் மற்றவர்களுக்குத்தான் கண்வலி. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். குறிப்பாக, இதைப் படிக்கும்போது நீ நல்ல மனநிலையில் இருக்க வேண்டும், உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போக வேண்டும். "உங்க தங்கச்சி ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும் சார், வந்து வண்டியில உக்காருங்க" என்கிறார் டிரைவிங் ஸ்கூல் முதலாளி. என் இடத்தில் அவர் போட்டிருக்கும் ஆள், வந்த ஐந்து மாதத்தில் ஸ்கூல் பெயர்ப்பலகை மேலேயே மூன்று முறை வண்டியை ஏற்றிவிட்டானாம். பதினெட்டு வருஷமாக, வண்டி கற்றுக்கொள்ள வந்தவர்கள் எந்தச் சுவரைப் பார்த்துப் போனாலும் என் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் என் கால் இருந்தது, அந்தக் கால் இப்போது நாற்காலிக்குக் கீழே வெறும் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறது. அலமாரியிலிருந்து டயர் தலையில் விழுந்தது உண்மை, மண்டைக்குள் ரத்தம் கட்டியது உண்மை, ஆஸ்பத்திரியில் உன்னையே பார்த்து "யாரும்மா நீங்க?" என்று கேட்டதும் உண்மை. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக, கை கால் இழுக்காமல் சும்மா வெறித்துப் பார்ப்பதும் வலிப்பாக இருக்கலாம் என்று சொல்லி உன் அண்ணி கையில் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நேரம், என்ன செய்தார், எத்தனை விநாடி, கூப்பிட்டதும் பதில் சொன்னாரா என்று நான்கு கட்டம் போட்டாய். உன் நாற்பத்தாறு தலைகளுக்கும் அது பொருந்தலாம். ஆனால் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமான ஒருவனிடம் அந்தக் கடைசிக் கட்டத்தை வைக்கலாமா? முதல் தடவை கூப்பிட்டதும் நான் என்றைக்குப் பதில் சொன்னேன்? உன் அண்ணி எழுதி வைத்திருக்கிறாள்: 'காலை பதினொன்று பத்து, சுவரைப் பார்த்தார், நாற்பது விநாடி, பதில் இல்லை.' சுவரில் பல்லி இருந்தது, டாக்டர் அம்மா! பல்லியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் மாமியார் முட்டை வேகவைக்கும் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவியை எண்ணுகிறார். உன் மருமகள் போனை நீட்டிக்கொண்டு, "அப்பா, இப்ப என்ன யோசிச்சீங்கன்னு கேமராவைப் பார்த்துச் சொல்லுங்க" என்கிறாள். யோசிக்கிற மனிதன் முகம் எப்போதுமே கொஞ்சம் அசடு வழியத்தான் செய்யும், அதைப் படம் பிடித்தால் யார்தான் தப்புவார்கள்?

போன மாதம் தலை முழுக்கப் பசை தடவிக் கம்பி ஒட்டி மூளையின் அலையைப் பதிவு செய்தாயே, என்ன ஆயிற்று? முந்தின இரவு தூங்காமல் வரச் சொன்னாய், வீடே முறை போட்டு என்னை உலுக்கியது. அங்கே படுக்க வைத்துத் தூங்கச் சொன்னாய், எனக்குத் துளி தூக்கம் வரவில்லை, துணைக்கு வந்த உன் அண்ணிதான் நாற்காலியிலேயே குறட்டை விட்டாள். பதிவு சுத்தமாக இருந்தது. சரி, விட்டது சனியன் என்று எழுந்தால், "சுத்தமா இருக்குன்னா வரவே வராதுன்னு அர்த்தமில்லண்ணா" என்றாய். அப்படியென்றால் அந்தப் பசையை எதற்கு என் தலையில் தடவினாய்? மூன்று நாள் சீப்பு இறங்கவில்லை!

கோபமில்லை, சின்னவளே. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு மனிதனை இப்படி உற்றுப் பார்த்தால் இல்லாத வியாதியும் வரும். ஆகையால் 'அண்ணனுக்கு ஒன்றும் இல்லை, வண்டி ஓட்டலாம்' என்று ஒரு வரி எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்து உடனே அனுப்பு. உன் ஆராய்ச்சி ஓங்கட்டும், மற்ற நாற்பத்தாறு பேரும் தீர்க்காயுசாக இருக்கட்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் பிரியமுள்ள,
அண்ணன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடப்போகும்போது உன் அண்ணி என் தோளைப் பிடித்திருந்தாள். எப்போது அறைக்குள் வந்தாள் என்று கேட்டேன். வந்து ஒன்றரை நிமிஷம் ஆகிறதாம், ஏங்க ஏங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம், நான் உதட்டைச் சப்பிக்கொண்டு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேனாம். எனக்கு ஒன்றும் தெரியாது. கிண்டல் செய்கிறாள் என்று முகத்தைப் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள். மேலே எழுதியதை விட்டுவிடு. திங்கட்கிழமை வரமாட்டேன் என்று முதலாளிக்கு இப்போதுதான் போன் செய்தேன், ஏன் என்று அவர் கேட்டபோது போனை உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் வருகிறோம். பயமாக இருக்கிறது, சின்னவளே. இந்தத் தடவையும் பசை தடவும் வேலையை வேறு யாரிடமும் விடாமல் நீயே செய்.