அத்தைக்கு எப்போ நின்னுச்சு?

ட்ரங்க் கால் பேசிய தலைமுறைக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். அதில் ரகசியம் பேச முடியாது; அதில் நல்ல சேதி வந்ததாகச் சரித்திரமும் கிடையாது. அதிலும் லைட்னிங் கால் என்று ஒன்று இருந்தது. பதிவு செய்த கையோடு லைன் கிடைத்துவிடும். ஆனால் கட்டணத்தைக் கேட்டால் நமக்கே மின்னல் அடித்த மாதிரி இருக்கும். அதனால் வீட்டில் சாவு விழுந்தாலொழிய யாரும் அதைத் தொட மாட்டார்கள். (இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.)

எண்பதுகளின் நடுவில் நான் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் வாத்தியார். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் நிறையவில்லை. மாப்பிள்ளை முறுக்கும் விஞ்ஞானப் பட்டமும் ஒரே உடம்பில் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பியவர்கள் அன்று என்னைப் பார்த்திருக்கலாம். மாமனார் வீட்டில் பல்ப் ஃப்யூஸ் போனாலும் அதற்குக் காரணம் விளக்கிவிட்டுத்தான் காபி குடிப்பேன்.

அந்த வருஷம் மார்கழியில் மலைப் பனி இறங்கி, ஊரே காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நடமாடியது. என் மாமியார் தனலட்சுமிக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று முகம் செக்கச் செவேலென்று ஆகும், முந்தானையால் விசிறிக்கொண்டே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வருவார். ராத்திரியில் தூக்கமே இல்லை. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த மாமனார், நெருப்பே மலையாக நிற்கிற ஊரில் குடியிருந்தால் சூடு ஜாஸ்தியாகத்தான் இருக்கும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அத்தை அதை நம்பவில்லை. என் மனைவி செல்வியைக் கூட்டிக்கொண்டு, ஊருக்குப் புதிதாக வந்திருந்த லேடி டாக்டரிடம் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எந்த ஆணுக்கும் சொல்லப்படவில்லை. எனக்குக் கிடைத்தது செல்வி சொன்ன இவ்வளவுதான்:

"அம்மாவுக்கு ஹார்மோன்னு ஒண்ணு எவ்ளோ இருக்குதுனு ரத்தத்துல பாக்கணுமாம். மெட்ராஸ்லதான் பாப்பாங்களாம். அம்மாவுக்கு பஸ்னா வாந்தி. ரத்தத்தை மட்டும் ஐஸ்ல வெச்சு யாராச்சும் எடுத்துக்னு போனா போதுமாம்."

ஹார்மோன் என்ற வார்த்தையைக் கேட்டதுமே நான் எழுந்து நின்றுவிட்டேன். பாடப் புத்தகத்தில் அதைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. அந்த அரைப் பக்கத்தை நான் ஒவ்வொரு வருஷமும் 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று தள்ளிவிடுவது வழக்கம். ஆனாலும் விஞ்ஞானத்தைச் சுமக்க இந்தக் குடும்பத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? எதற்கான ஹார்மோன், எதற்குப் பார்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று தெரிந்துவிடுமே.

அப்போது செல்வி முழுகாமல் இருந்தாள். ஐந்தாவது மாதம். ஓய்வுக்காகக் கீழ்பென்னாத்தூரில் இருந்த சின்ன மாமா வீட்டுக்கு, அதாவது என் மாமனாரின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். சின்ன மாமா அங்கே வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார். எங்கள் சொந்தத்திலேயே டெலிபோன் இருந்த ஒரே இடம் அந்த மண்டிதான்.

குறித்த நாள் காலையில் டாக்டரம்மா அத்தையின் ரத்தத்தை எடுத்து, தெளியவைத்து, ஒரு சின்னக் குப்பியில் அடைத்து, வாயில் பிளாஸ்திரி ஒட்டி, ஐஸ் நிரப்பிய ஃப்ளாஸ்க்கில் இறக்கிக் கொடுத்தார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸில் உட்கார்ந்தேன். செஞ்சியைத் தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர் ஃப்ளாஸ்க்கைப் பார்த்து, ஒரு வாய் காபி கிடைக்குமா என்றார். உள்ளே என் மாமியாரின் ரத்தம் இருக்கிறது என்றேன். திண்டிவனம் வரைக்கும் அந்த சீட்டில் நான் படுத்துக்கொண்டே போனேன்.

மெட்ராஸில் அந்தப் பரிசோதனைக்கூடத்தைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். பெயர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார், நாற்பத்து மூன்று என்றேன். அடுத்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மாதவிடாய் நின்னு எவ்ளோ நாளாச்சு?" என்றார்.

எனக்கா என்று கேட்கப் போனேன். நல்லவேளை, நாக்கு வேலை செய்யவில்லை.

அந்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். இது அந்த விஷயத்துக்கான சோதனைதான். பேஷன்ட்டுக்கு வயது கம்மி, அதனால் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று டாக்டர் உறுதி செய்துகொள்ள விரும்புகிறார். எப்போது நின்றது என்று தெரிந்தால் நல்லது. பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அத்தனை பேரும் என் மாமியாரின் உடம்பைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு நின்றார்கள். விசாரித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி, ஃப்ளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன்.

யாரை விசாரிப்பது? அத்தையைக் கேட்பதைவிட மெரினாவில் இறங்கி அப்படியே நடந்து போய்விடலாம். மாமனாரைக் கேட்பது அதற்கும் மேல். செல்வி ஒருத்திதான் வழி. ஐஸ் வேறு கரைந்துகொண்டிருந்தது. தபால் ஆபீஸுக்குப் போய்க் கீழ்பென்னாத்தூர் மண்டிக்கு ஒரு லைட்னிங் கால் போட்டேன்.

கதவில்லாத கூண்டு. கத்தினால்தான் கேட்கும். எடுத்தது சின்ன மாமா. செல்வியைக் கூப்பிடச் சொன்னேன். அவள் வீட்டில் இருக்கிறாள், என்ன விஷயம் என்று கேட்டார். லைட்னிங் கால் என்றதுமே அவர் குரல் இறங்கிவிட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. தபால் ஆபீஸில் இருந்தவர்களெல்லாம் என்னையே பார்த்ததால், எவ்வளவு நாசூக்காகப் பேச முடியுமோ அவ்வளவு நாசூக்காகப் பேசுவது என்று முடிவு செய்தேன்.

"அத்தை விஷயம் சின்ன மாமா. அத்தைக்கு... நின்னுபோச்சு."



"எப்போ?" என்றார்.

"அதான் எனக்கும் தெரியலை. எப்போ நின்னுச்சுனு இங்க ஆஸ்பத்திரியில கேக்கறாங்க."

"மெட்ராஸுக்கு எப்போ கொண்டாந்தே?"

"காலைல கெளம்பினேன். ரத்தமெல்லாம் எடுத்துட்டாங்க."

"இப்போ எங்க இருக்குது மாப்ள?"

ரத்தத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "என்கூடத்தான். ஐஸ்ல வெச்சிருக்கேன். ஆனா ஐஸ் கரையுது, சீக்கிரம் முடிக்கணும். சாயங்காலம் பஸ்ல வந்துடுவேன்."

"பஸ்லயா?" என்றார். அழுவது போல இருந்தது. "சரி. ஆக வேண்டியத நான் பாக்கறேன். செல்விகிட்ட மூச்சு விட மாட்டேன். புள்ளத்தாச்சிப் பொண்ணு, தாங்க மாட்டா."

லைன் போய்விட்டது. அம்மாவுக்கு நின்ற தேதியைப் பிள்ளைத்தாச்சி சொல்லக் கூடாது போலிருக்கிறது, இப்படியும் ஒரு சாங்கியம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நம் பெரியவர்களின் மூடநம்பிக்கையை எண்ணி வருத்தமாகக்கூட இருந்தது.

திரும்பிப் போய், தேதி கிடைக்கவில்லை என்று கண்ணாடி அம்மாளிடம் சொன்னேன். "தெரியாதுன்னு அப்பவே சொல்லியிருந்தா அப்டியே எழுதியிருப்பேனே, எதுக்கு ஓடினீங்க?" என்று கேட்டபடி குப்பியை வாங்கி உள்ளே வைத்தார்.

நான் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது திருவண்ணாமலையில் நடந்ததை, பிற்பாடு ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லக் கேட்டுச் சேர்த்துவைத்திருக்கிறேன்.

சின்ன மாமா மண்டியைப் பூட்டினார். கடலை மூட்டை ஏற்றும் டெம்போவில் சொந்தக்காரர்களை ஏற்றினார். உண்மை தெரிந்த ஒரே ஆளான செல்வியிடம், பக்கத்து ஊர் நிச்சயதார்த்தத்துக்குப் போகிறோம் என்று சொல்லி, துணைக்கு ஆளும் வைத்துவிட்டு, ரோஜா மாலைகளோடு புறப்பட்டார்கள். உடம்பு மெட்ராஸிலிருந்து வரவேண்டும் என்பதால் வீட்டில் யாரும் உடம்பைத் தேடவில்லை. திறந்திருந்த வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, தோளில் கைபோட்டுத் தலைகவிழ்ந்து ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள்.

அத்தை அப்போது கிணற்றடியில் வழக்கமான வாளியை ஊற்றிக்கொண்டிருந்தார். ஈரத் தலையோடு உள்ளே வந்தால் கூடம் நிறைய அழுகை, வாசலில் மாலை. ஆபீஸுக்குப் போன புருஷனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். அலறிக்கொண்டு போய் வட்டத்தில் விழுந்தார். இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்காமலே அணைத்துக்கொண்டார்கள். அத்தை தன் சாவுக்குத் தானே கொஞ்ச நேரம் நன்றாக அழுதார். எல்லாரையும்விட அவர் அழுகைதான் உருக்கமாக இருந்தது என்று அந்த வட்டத்தில் இருந்தவர்கள் பின்னால் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் மாமனார், ஹேண்டில்பாரில் முருங்கைக்காய்க் கட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினார். சின்ன மாமா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

"அண்ணா, அண்ணி போய்ட்டாங்களே."

"எங்க போனா?" என்றார் மாமனார். "மத்தியானம்கூட சோறு போட்டாளே."

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அவர் குரலைக் கேட்டு அத்தை தலையைத் தூக்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாலி பிழைத்த சந்தோஷத்தில் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளை உலுக்கி, "அப்போ செத்தது யாருடி?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான்க்கா" என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தாள்.

இது எதுவும் தெரியாமல் நான் வந்துகொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூரில் ஏறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரில் ஒரு துக்கம் என்று பேச்சை ஆரம்பித்தார். யாரோ ஒரு அம்மாள் மெட்ராஸில் போய்விட்டாராம். மருமகன் உடம்பை ஐஸ் போட்டு பஸ்ஸிலேயே எடுத்து வருகிறானாம். அப்படியும் ஒரு முட்டாள் இருப்பானா என்று கேட்டேன். படித்தவன் என்று சொல்கிறார்கள் என்றார். இருவரும் தலையில் அடித்துக்கொண்டோம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாமனார் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தேன். வாசல் நிறைய ஆட்கள், பெஞ்சு, மாலைகள். இத்தனை ரத்தம் எடுத்தது உடம்புக்கு ஆகவில்லை என்று நினைத்து, "அத்தே" என்று அலறிக்கொண்டு ஓடினேன். கூட்டம் விலகி வழிவிட்டது. கூடத்து நடுவில் அத்தை காபி குடித்துக்கொண்டிருந்தார்.

சின்ன மாமா என் எதிரே வந்து நின்றார். "ஐஸ்ல வெச்சிருக்கேன்னியே, எங்க?" என்றார்.

ஃப்ளாஸ்க்கை நீட்டினேன். வாங்கித் திறந்து உள்ளே பார்த்தார். கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

"நின்னுபோச்சுன்னியே. இன்னா நின்னுச்சு?"

மாமனார் உட்பட அத்தனை ஆண்களும் என் வாயையே பார்த்தார்கள். சொன்னால் அத்தையின் மானம் போகும். சொல்லாவிட்டால், உயிரோடு இருக்கும் மாமியாருக்குச் சாவு சொன்னவன் என்று டெம்போ ஏறி வந்தவர்கள் என்னை அடிப்பார்கள். "அது வந்து... மூளைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்குது..." என்று ஆரம்பித்தேன். அந்த அரைப் பக்கத்தை ஒழுங்காகப் படித்திருக்கலாம் என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தூரம் நின்னு ஒரு வருஷமாச்சு. அத்தத்தான் அவரு கேட்டிருக்காரு. அவர ஏன் வாட்டறீங்க? உக்காரச் சொல்லுங்க, பசியோட வந்திருப்பாரு."

ஆண்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் வாசலில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது. மாமனார் முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். நானும் நழுவி நடையில் நின்றுகொண்டேன்.

உள்ளே ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கும் உடம்பு தீயா எரியுதாக்கா?" இன்னொருத்தி, தனக்கு ராத்திரியில் நெஞ்சு படபடக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை என்றாள். இன்னொருத்தி, பேய் பிடித்திருக்கிறது என்று தனக்கு வேப்பிலை அடித்ததைச் சொன்னாள். ஒப்பாரி வைக்க வந்த வட்டம் அப்படியே உட்கார்ந்து பேச ஆரம்பித்தது. கிளம்ப நேரமாகிறது என்று சின்ன மாமா வாசலிலிருந்து குரல் கொடுத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. அழுவதற்குக் கொண்டு வந்த நேரமெல்லாம் சிரித்துத் தீர்த்தார்கள்.

சில நாள் கழித்துத் தபாலில் முடிவு வந்தது. அளவு ஏகத்துக்கு ஜாஸ்தி. டாக்டரம்மா என்னையும் உட்காரவைத்து விளக்கினார். நின்ற பிறகு சினைப்பை பதில் சொல்லாது. அது தெரியாமல் மூளைக்குக் கீழே இருக்கிற சுரப்பி இன்னும் உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், அதனால்தான் அளவு ஏறுகிறது என்றார். அந்தச் சுரப்பியின் கஷ்டம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அத்தைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்குள் கீழ்பென்னாத்தூரிலிருந்து அதே டெம்போவில் பெண்கள் தன் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியதையும் சொன்னார்.

அத்தைக்கு அந்த நாளில் ஒரு லாபம் உண்டு. தன் சாவுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் அழுதார்கள், யார் அழுகிற மாதிரி நடித்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வராதவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்றைக்கும் போவதில்லை.

இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, எங்களோடுதான் இருக்கிறார். சின்ன மாமாவும் இருக்கிறார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். பொங்கல் வாழ்த்துச் சொல்ல நான் செல்போனில் கூப்பிட்டாலும் அவர் என் பேச்சைக் கேட்பதில்லை. அண்ணியிடம் கொடு என்பார். கொடுத்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அத்தையும் போனை வாங்கி, வீடே சிரிக்கும்படி, ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்கிறார்:

"இன்னும் நிக்கலை தம்பி. நின்னா நானே சொல்றேன், மாப்பிள்ளை சொன்னா நம்பாத."