தைலக் கையும் வண்டு வாசமும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. அங்கே உங்கள் நலத்தையும், வயிற்றில் போட்ட தையலின் நலத்தையும் அறிய ஆவல். போனில் பேசலாமென்றால் என் மகள் உங்களிடம் கொடுக்க மாட்டேன் என்கிறாள். "அப்பா, நீங்க பேசினா நல்லா இருக்கறவங்களுக்கே காய்ச்சல் வந்துடும்" என்கிறாள். ஆகவே சலவைத் துணிப் பைக்குள் மறைத்து இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். படுத்தபடியே படிக்கவும். பதற வேண்டாம். நான் பதறிக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்கு ஒருவர் போதும்.

விஷயம் உங்கள் நாயைப் பற்றியது. இன்ஸ்பெக்டரம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்திலும் நீங்கள் தாளில் எழுதிக் கொடுத்தபடியே, தினமும் காலையில் பத்து டப்பாக்களை வரிசையாக வைத்து, தானிய வண்டுகளோடு சீசாவில் கிடந்து வாசம் ஏறிய பஞ்சை ஒன்றில் மட்டும் போட்டு, அவளை மோப்பம் பிடிக்க விட்டேன். சரியான டப்பா முன்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்தால் பந்து. முதல் நாள் பத்துத் தடவைக்கு நாலு தடவைதான் சரி. ஐந்தாம் நாள் பத்துக்குப் பத்து! எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் மனைவி கணக்கில்கூட அப்படி வாங்கியதில்லை.

அந்தப் பெருமையில் அவளைத் தெருவுக்கு அழைத்துப் போனதுதான் வினை. மாவுப் பையோடு எங்கள் மாடி வீட்டிலிருந்து இறங்கிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் சும்மா இருக்கலாமில்லையா? "சார், உங்க மாவுல வண்டு இருக்கு" என்றேன். "முப்பது வருஷம் பசங்க என் நாற்காலில பசை தடவினாங்க, அப்பகூட இப்படி அவமானப்பட்டதில்ல" என்று கத்தினார். அடுத்து மருந்துக் கடைக்காரர், கஞ்சி மாவு அடுக்கிய மேசைக்குப் பின்னால் இருந்தவர், அவர் முன்னாலும் உட்கார்ந்தாள். அப்புறம் கோழித் தீவனம் வாங்கிவந்த தையல்காரம்மா. நானும் வாய் மூடாமல் மூன்று பேரிடமும் வண்டு, வண்டு என்று சொல்லி, நாலு பேர் கூடி, வீடு வந்து சேர்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

தோளுக்கு இரண்டு வேளையும் தைலம் தேய்க்கிறேன் அல்லவா, சாயங்காலம் அதற்கு உட்கார்ந்தேன். அவள் எழுந்துவந்து என் முன்னால் உட்கார்ந்தாள், பந்து கேட்கிற கண்ணோடு. என்னிடம் ஏது வண்டு மாப்பிள்ளை? உங்கள் தாளை எடுத்துப் பார்த்தேன். "கையுறை இல்லாமல் பஞ்சைத் தொடக் கூடாது" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். அது என் பாதுகாப்புக்கு என்று நினைத்துவிட்டேன். வண்டு கடித்தால் கடித்துவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டேன். தினமும் தைலக் கையால் பஞ்சை வைத்து, அவளுக்கு வண்டைச் சொல்லித்தராமல் தைலத்தைச் சொல்லித்தந்திருக்கிறேன்! தலைமையாசிரியருக்கு முழங்கால், கடைக்காரருக்குத் தலைவலி, தையல்காரம்மாவுக்குக் கழுத்து. மூன்று பேரும் தைலம் தேய்க்கிறவர்கள். மூன்று பேர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை தானியக் கிடங்கில் அவளுக்கு வண்டு மூட்டையைக் கண்டுபிடிக்கும் பரீட்சை. அவள் தேறினால்தான் உங்களுக்கு வேலை நிரந்தரம். உங்கள் கூட வேலை பார்ப்பவர் வந்து அழைத்துப்போகிறேன் என்கிறார். ஆயிரம் மூட்டையையும் விட்டுவிட்டு இடுப்புவலிக்கார வாட்ச்மேன் முன்னால் அவள் உட்கார்ந்தால் என்ன செய்வது? இரண்டு வருஷம் அவளோடு நீங்கள் பட்ட பாட்டை ஒரு வாரத்தில் குட்டிச்சுவராக்கிவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சையை எப்படியாவது தள்ளிப்போடச் சொல்லுங்கள். பழியை என் மேலேயே போடுங்கள், ஒன்றும் நினைக்க மாட்டேன்.

தையல் நன்றாக ஆறி, இருமும்போது வலிக்காமல், மகளும் நீங்களும் நூறு வருஷம் நன்றாக இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: பரீட்சையைத் தள்ளிப்போட வேண்டாம். துணி மடிக்க வந்த உங்கள் அத்தை கடிதத்தைப் படித்துவிட்டாள். கையுறை மாட்டி, பத்து டப்பா வைத்து, ஒன்றில் என் தைலம், வேறொன்றில் சீசாவிலிருந்து புதிதாக எடுத்த வண்டுப் பஞ்சு வைத்தாள். இன்ஸ்பெக்டரம்மா தைலத்தைப் பார்த்து ஒரு தும்மல் போட்டுவிட்டு, நேராக வண்டு டப்பா முன்னால் உட்கார்ந்தாள். "நீங்க வாக்கிங் போனதும் தினம் நான்தான் ஒழுங்கா சொல்லிக்குடுத்தேன். நீங்க அந்தப் பஞ்சைத் தொட்டுட்டுச் சட்டையில துடைச்சா உங்க முன்னாடி உக்காராம என்ன பண்ணும்?" என்றாள். அந்தப் பத்துக்குப் பத்தும் உங்கள் அத்தை சொல்லிக்கொடுத்ததால் வந்ததாம். இதற்குள் மாடியிலிருந்து தலைமையாசிரியர் சல்லடையோடு வந்துவிட்டார். மாவில் பதினேழு வண்டு. இனி கேட்ட மன்னிப்பை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. இதை எழுதும்போதே இன்ஸ்பெக்டரம்மா சமையலறைக்குள் போய் எங்கள் அரிசி டிரம் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் அத்தை மூடியைத் திறக்கவில்லை. "நாய்க்கு அசதி, தூங்கட்டும்" என்கிறாள். நான் வாயே திறக்கவில்லை மாப்பிள்ளை. பந்தை மட்டும் கொடுத்துவிட்டேன்.