முப்பத்தேழாம் பயிற்சி

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கணக்கை அடியிலிருந்து படித்தே தீருவது என்று பாண்டியராஜன் சபதம் எடுத்தான். வயது முப்பத்தொன்பது. பதினாலு வருஷமாகக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் மலையையும் மழையையும் அசைய வைக்கிற உத்தியோகம். எப்படி அசைகிறது என்று மட்டும் அவனைக் கேட்கக் கூடாது. எவனோ நெட்டில் எழுதிப்போட்டதை அள்ளிவந்து ஒட்டுவான். அசையும். சம்பளம் வரும். போடியில் வீட்டில் உட்கார்ந்தபடியே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவன் என்று தெருவே அவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

வினை ஒரு ஜீப்பில் வந்தது. புது விளையாட்டில் ஒரு ஜீப்பு போடிமெட்டு ஏற வேண்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பு தலைகீழாகக் கவிழ்ந்து, சக்கரத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டே மலை ஏறியது. டிரைவர் வௌவால் மாதிரி தொங்கினான். மேலதிகாரி அனுசியா சிரிக்கவில்லை.

“ஒரு மாசம் டைம், பாண்டியராஜன். கணக்குப் புரிஞ்சு எழுதுங்க. இல்லேன்னா புரிஞ்ச ஆளை வச்சுக்கறோம்.”

அவன் முகம் கறுத்ததைக் கண்டு மனைவி சந்திரவல்லி பக்கத்தில் வந்தாள்.

“என்னங்க, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?”

“உனக்குப் புரியாது. திசையன் கணக்கு. அம்பு அம்பாப் போட்டுப் பண்றது.”

“நான் காலேஜுல படிச்சதுதான?”

“நீ படிச்சது பரீட்சைக் கணக்கு. இது கம்ப்யூட்டர் கணக்கு. போயி ஒஞ் சோலியப் பாரு.”

போய்ப் பார்த்தாள். ஏலக்காய்க் கடையிலிருந்து மூட்டையில் வரும் காயைக் காம்பு கிள்ளித் தரம் பிரித்துச் சாக்கில் தைத்துக் கொடுப்பது அவள் சோலி. கல்யாணமான வருஷம் பக்கத்து ஊரான தேவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து கணக்கு டீச்சர் வேலைக்கு அவளுக்கு உத்தரவு வந்தது. “எஞ் சம்பாத்தியம் போதாதா?” என்றான் பாண்டியராஜன். அந்தக் காகிதத்தை எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மேஜைக்காலுக்கு அண்டை கொடுத்தான். ஒன்பது வருஷமாக மேஜை ஆடவில்லை.

பொண்டாட்டியிடம் கேட்க மானம் விடவில்லை. அவளுடைய காலேஜ் நோட்டைத் திருட மானம் தடுக்கவில்லை. பரணிலிருந்து எடுத்து, மேஜை டிராயரில் ஒளித்துவைத்துப் படித்தான். முதல் பத்துப் பக்கம் ஒன்றும் ஏறவில்லை. மதியம் படுத்து எழுந்து பார்த்தால், பதினோராம் பக்கம் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. கீழே பயிற்சி வேறு.

‘மாடித் தொட்டியின் நிழலை அளந்து சூரியனின் கோணம் காண்க. தொட்டி பாசி பிடித்திருந்தால் விடை பிழைபடும். கழுவிவிட்டு அளக்கவும்.’

கழுவினான். அளந்தான். கோணம் சரியாக வந்தது! அடுத்த நாள்:

‘ஏலக்காயைக் கூம்பாகக் குவித்துச் சரிவைக் காண்க. காம்பு இருந்தால் சரிவு மாறும். ஒரு மூட்டைக் காயைக் கிள்ளியபின் குவிக்கவும்.’

“என்னங்க இது, எஞ் சோலிய நீங்க பாக்குறீங்க?”

“ஆராய்ச்சி. குறுக்க பேசாத.”

“செய்யுங்க, செய்யுங்க. நான் சிலமலை வரைக்கும் போயி எங்காத்தாவப் பாத்துட்டு வந்துர்றேன்.”

பத்துக் குடம் தண்ணீர் சுமந்து உடம்பு சாய்கிற கோணத்தின் சராசரி கண்டான். ஒட்டடை அடித்து முக்கோணவியல் கற்றான். பன்னிரண்டு வருஷத்துப் பழைய நோட்டில் மை விரலில் ஒட்டியது. ‘அந்தக் காலத்து மை, என்ன தரம்!’ என்று வியந்தான். இருபத்தொன்பதாம் பக்கத்துக்கு ‘ஜீப்பு மலை ஏறும் விதம்’ என்று தலைப்பு இருந்தது. காலேஜில் ஜீப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. நல்ல காலேஜ் என்று நினைத்துக்கொண்டான்.

கெடுவுக்கு முந்தின நாள் முப்பத்தேழாம் பயிற்சி வந்தது. ‘சாக்கு ஊசியைச் சரிவில் நட்டமாக நிறுத்துவது எப்படி? இருபது சாக்கைத் தைத்தபின் நிறுத்திப் பார்க்கவும்.’ வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. இருபது சாக்கா! பாண்டியராஜன் பக்கத்தைத் திருப்பினான். விடை இருந்தது. அப்படியே பார்த்து ஜீப்புக் கணக்கில் ஒட்டினான். பழைய தொழில்தானே.

ஜீப்பு நிமிர்ந்தது. பதினேழு வளைவும் ஏறியது.

மறுநாள் காலை திரையில் அனுசியா வந்தாள்.

“பிரமாதம்! இந்த வரியில நெடுக்கு அம்பையும் குறுக்கு அம்பையும் இடம் மாத்திப் போட்டிருக்கீங்களே, ஏன்?”

“அது… அப்படித்தான் மேடம் போடணும்.”

“அதான் ஏன்?”

“அனுபவம் மேடம்.”

என்றைக்கும் அந்த நேரத்துக்குக் காப்பி வராது. அன்றைக்கு வந்தது. டம்ளரை வைத்துக்கொண்டே சந்திரவல்லி சொன்னாள்:

“ரோட்டு நெடுக ஒரு அம்பு, குறுக்க ஒரு அம்பு. ரெண்டையும் வரிசையாப் பெருக்குனா ரோட்டு மேல ஊசி நட்டமா நிக்கும். வரிசை மாறுனா ஊசி தரைக்குள்ள எறங்கிரும். ஜீப்பு ஊசியப் பாத்துத்தான நிமிரும்? அதான் கவுந்து கெடந்துச்சு.”

அனுசியா திரைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

“நீங்க யாரு?”

“இந்த வீட்லதாங்க இருக்கேன்.”

“பதினோராவது வளைவுல ஜீப்பு ஒதறுதே, கவனிச்சீங்களா?”

“ஊசிய ஒரே நீளமா வெட்டாம விட்டிருக்காரு. அது முப்பத்தெட்டாம் பயிற்சி. அவரு இன்னும் அங்க வரல.”

பாண்டியராஜன் டம்ளரைத் தள்ளிவைத்தான். திரை அணைந்ததும் அவள் பக்கம் திரும்பினான்.

“அப்ப நோட்டுல எழுதுனது நீயா?”

“மை ஈரமாத்தான இருந்துச்சு?”

“எங்கிட்ட நேரடியாச் சொல்லியிருக்கலாம்ல?”

“ஒம்போது வருசத்துல ஒரு தரம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?”

அந்த வாரக் கடைசியில் இரண்டு கடிதங்கள் வந்தன, இரண்டும் அனுசியாவிடமிருந்து. ஒன்று சந்திரவல்லியை வேலைக்கு வரச் சொன்னது. மற்றது அவனைப் போகச் சொன்னது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சந்திரவல்லி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். குனிந்து மேஜைக்காலடியிலிருந்து அந்தப் பழைய காகிதத்தை உருவினாள். பிரித்து, ஒருமுறை வாசித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். மேஜை ஆடியது. அவனுக்கு வந்த கடிதத்தை எட்டாக மடித்து அண்டை கொடுத்தாள். ஆட்டம் நின்றது.

“குறுக்க பேசாதீங்க. மீட்டிங்கு.”

வேறு சோலி இல்லாமல் பாண்டியராஜன் நோட்டைப் பிரித்தான். முப்பத்தொன்பதாம் பயிற்சி, மை காயாமல் இருந்தது:

‘ஒரு வீட்டில் இருவர். ஒருவருக்கு வேலை இருக்கிறது. எனில், ஒரு மணிச் சாப்பாட்டுக்கு அரிசியை எத்தனை மணிக்குக் களைய வேண்டும்? விடையைச் சமைத்துக் காட்டுக.’